மண்ணின் வில்லங்கம்

பாலாறு கடல் சேரும் சீமை — 9

சென்ற வாரம் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். ஒரு காலத்தில் மஸ்லின் துணிக்குத் தேசாந்தரங்களில் பேர் பெற்றிருந்த இவ்வூரில், கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பின்பு, டீக்கடைப் பெஞ்சுகளில் காலைமுதல் மாலைவரை காதில் விழுவதெல்லாம் பெரும்பாலும் நில வியாபாரப் பேச்சுத்தான்.

அந்தப் பேச்சில் அகப்பட்டவர்களில் என் பால்ய சிநேகிதர் ஒருவரும் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற அவர், சாலைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே 3 ஏக்கர் பூமியைப் பார்த்து, அதிலே யாத்ரிகர் விடுதி ஒன்று கட்டுவதென்று சங்கற்பம் செய்துகொண்டார். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், 30 வருஷத்து வில்லங்கச் சான்று ஆகிய யாவற்றையும் பரிசோதித்த வக்கீல், தோஷமற்ற சொத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடன் கொடுக்க முன்வந்த வங்கியோ சுற்றுச்சூழல் ஆலோசகர் ஒருவரின் அறிக்கையும் வேண்டும் என்றது.

முதலில் தொலைபேசியில் அகப்பட்ட ஆலோசகர், சர்வே நம்பரை மட்டும் கேட்டுக்கொண்டு, “நீங்கள் கவலைப்படாதீர்கள் சார், ரிப்போர்ட் கிளீனாக வந்துவிடும்” என்று அபயம் அளித்தார். பூமியைப் பாராமலே பூமியின் குணத்தைச் சொன்ன அந்தத் தீர்க்கதரிசனமே என் சிநேகிதருக்குச் சந்தேகத்தை விளைவித்தது. விசாரித்து வேறொருவரை அழைத்தார்.

இரண்டாமவர் இளைஞர். வந்தவுடன் பத்திரங்களைக் கேளாமல், அவ்விடத்தில் நெடுநாளாக ஆடு மேய்ப்பவர் யாரேனும் உண்டா என்று கேட்டார். பக்கத்துக் குடிசையிலிருந்து வந்த முதியவர், “இது மேடே இல்லீங்க, இறா குட்டையா இருந்துது. அப்புறமா கிராவல் கொட்டித் தூத்துட்டாங்க” என்றார். இளைஞர் மூன்று இடங்களில் குழி எடுக்கச் செய்தார். மேலே ஒரு முழம் செம்மண் கிராவல். அதன்கீழ் கரிய சேறு. மண்வெட்டி அதைப் புரட்டியதும் அழுகிய முட்டையின் நாற்றம். வெட்டிப் போட்ட கட்டிகளின்மேல் பிற்பகல் வெயில் பட்டு ஈரம் உலர, உறை பனிபோல வெள்ளை உப்பு பூத்தது. சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பரில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பளித்தது நினைவுக்கு வர, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“தம்பி, வக்கீல் 30 வருஷம் பார்த்தாரே?” என்றார் சிநேகிதர்.

“அவர் பார்த்தது விற்றவர்களை, ஐயா. இங்கே கொட்டினவர்கள் யாரும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகவில்லையே.”

உண்மை. பூமியை அடமானம் வைத்தவன் பெயர் சார்பதிவாளர் புத்தகத்தில் ஏறும். பூமிக்குள் விஷத்தைப் புதைத்தவன் பெயர் ஏறுவதில்லை. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே லவ் கால்வாய் என்ற பள்ளத்தில் 1942 முதல் இரசாயனக் கழிவுகளைக் கொட்டிவந்த ஹூக்கர் கம்பெனி, 1953-ல் அதை மூடி, பின்னால் நேரும் கேட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்று சாசனத்திலேயே எழுதிவைத்து, 1 டாலருக்குப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்குக் கிரயம் செய்துவிட்டது. 1978-ல் அங்கிருந்த குடும்பங்கள் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் விளைவாக 1980-ல் பிறந்த சட்டம், தான் கெடுக்காத நிலமாயினும் அதற்கு இன்று உடையவனாய் இருப்பவனையும் பொறுப்பாளியாக்கியது; வாங்குமுன் தக்க விசாரணை செய்தவனுக்கு 1986-ல் விலக்கும் அளித்தது. ஆவணம், நேர்பார்வை, அக்கம்பக்கத்து விசாரணை என்பது முதற்கட்டம். சந்தேகம் தோன்றினால் துளையிட்டு மண்ணும் நீரும் எடுத்துச் சோதிப்பது இரண்டாங்கட்டம் என்ற முறை இவ்வாறே நிலைபெற்றது.

கடல் கடந்து போவானேன்? நம் பாலாற்றின் கரையை ஒட்டி மேற்கே போனால் இராணிப்பேட்டை. அங்கே 1995-ல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, மழைதோறும் கரைந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிவந்ததை நாடறியும். மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் இந்தியாவில் வந்ததோ 2025-ல்தான்.

நம் கடற்கரையிலோ மண்ணோடு வேறு கட்டுகளும் உண்டு. 1991-லிருந்து உயரலைக் கோட்டுக்கு 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ஆளுகிறது. அலையேற்றம் புகும் கால்வாய்க் கரையும் அதற்குள் அடங்கும். அந்த ஏற்றம் எதுவரை என்பதை, கோடையின் வறட்சியில் நீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடத்தைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதைச் சுற்றி 100 மீட்டரில் புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டரில் அனுமதி வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சூழ்ந்த 5 கிலோமீட்டருக்குள் குடிப்பெருக்கத்துக்கே கட்டுப்பாடு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் 2006 அறிவிக்கையின்படி முன் அனுமதி அவசியம். அதற்கு அறிக்கை தயாரிப்பவர் இந்தியத் தரக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றவராய் இருத்தல் வேண்டும்.

ஆயினும் அங்கீகாரப் பத்திரம் ஒன்றே யோக்கியதை ஆகிவிடாது. இடத்துக்குத் தாமே வருவாரா, ஆளை அனுப்புவாரா. மாதிரிகள் எந்தச் சோதனைச்சாலைக்குப் போகும். உயரலைக் கோட்டை அதிகாரம் பெற்ற நிறுவனத்தின் வரைபடத்தைக் கொண்டு காட்டுவாரா, தம் ஊகத்தால் காட்டுவாரா. இவற்றை முன்னதாகவே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதி கிடைத்தால் இவ்வளவு, கிடைக்காவிட்டால் இவ்வளவு என்று கூலி பேசலாகாது. “வாங்காதீர்கள்” என்று சொன்னாலும் முழுச் சம்பளமும் உண்டு என்ற நிச்சயம் உள்ளவனே அச்சொல்லைச் சொல்லத் துணிவான். அந்தச் சொல்லுக்காகத்தானே அவனை அமர்த்துகிறோம்!

என் சிநேகிதர் முடிவில் குட்டையாய் இருந்த பின்பாகத்தை விட்டுவிட்டு, சாலையை ஒட்டிய ஓர் ஏக்கரை மட்டும் வாங்கினார். விடுதி சிறுத்து, உணவுக்கடை ஆயிற்று. போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, இரும்புப் பெட்டியைத் திறந்து பத்திரக் கட்டை எடுத்துக் காட்டினார். மூலப்பத்திரத்தோடு சேர்த்து அந்த இளைஞரின் அறிக்கையும், குழிகளின் படங்களும், ஒரே நூலால் கட்டப்பட்டிருந்தன.

“நாளைக்கு என் பிள்ளை விற்கும்போது, வாங்க வருகிறவனுக்கு இதையும் காட்டட்டும்” என்றார்.

(அடுத்த வாரம்: வயலூர் முகத்துவாரம்)