மணலைத் தள்ளும் தண்ணீர்

கோடை முற்றினால் பழவேற்காட்டு ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடேறும். சுற்றியுள்ள குப்பங்களுக்கு அப்போது இரண்டு நட்டம். படகு கடலுக்குப் போக வழியில்லை. இறால் ஏரிக்குள் வர வழியில்லை.

வெளியூர்க்காரர் கண்ணுக்கு அந்த இரண்டாவது நட்டம் தெரிவதில்லை. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏற்றத்தோடு ஏரிக்குள் நுழைந்து, சேற்றுப் பரப்பில் மேய்ந்து வளர்ந்து, வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகின்றன. வாசல் மூடியிருந்தால், 'பாடு' எனும் ஏற்பாட்டில் முறை வைத்து மீன்பிடிக்க இறங்கும் குடும்பங்களின் வலையில் என்ன விழும்?

தண்ணீரும் கெடுகிறது. ஏரியின் சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர்தான். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளாங்கியாறும் உப்பைக் கரைத்துத் தள்ளிவிடும். மழை ஓய்ந்து, முகத்துவாரமும் அடைபட்டால், வெயில் நீரை உறிஞ்ச உறிஞ்ச ஏரி கடலைவிடக் கரிக்கத் தொடங்கும். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். பாசி அழுகினால் அதுவும் தீரும்.

மணல் ஏன் அங்கே வந்து சேர்கிறது? சாய்ந்து வரும் அலைகள் கரையோரமாக அதை நகர்த்துகின்றன. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி. அதை அப்புறப்படுத்துவது, முகத்துவாரம் வழியே உள்ளே போய் வெளியே வரும் ஓத நீரின் வேகம். உள்ளே போய்வரும் நீரின் அளவே வாசலின் குறுக்குவெட்டுப் பரப்பைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்கப் பொறியாளர் மாரோ ஓ'பிரையன் 1931-லேயே காட்டினார். பழவேற்காட்டின் சிக்கல் இதற்குள்தான் இருக்கிறது. ஏரி தூர்ந்தால் போய்வரும் நீர் குறையும். நீர் குறைந்தால் வாசல் சுருங்கும். வாசல் சுருங்கினால் ஏரி இன்னும் தூரும். முகத்துவாரத்தை மட்டும் தோண்டினால் மணல் மறுபடி வந்து மூடுவது அதனால்தான்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் இதே நிலை வந்தது. 2000-ல் அங்கே புது முகத்துவாரம் வெட்டினார்கள். உள்ளே நீரோடும் கால்வாயையும் தூர்வாரினார்கள். சில ஆண்டுகளிலேயே மீன்வரத்து பல மடங்கானது. ராம்சர் ஒப்பந்த ஈரநிலங்களில் சூழல் கெட்டுவருபவற்றின் பட்டியலிலிருந்து 2002-ல் சிலிகா நீக்கப்பட்டது.

பழவேற்காட்டு முகத்துவாரத்தை நிலைப்படுத்தக் கல் சுவர்கள் எழுப்பும் திட்டத்தைத் தமிழக அரசு கையில் எடுத்தது. மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது இது, வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் கடலுக்குள் நீளும் சுவர் தெற்கே மணலைத் தேக்கும், வடக்கே கரையை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. எனவே சுவருக்கு வடக்கேயுள்ள கரையை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். ஏரிக்குள் எந்த ஓடை தூர்ந்திருக்கிறது என்பதைத் தினமும் கோல் ஊன்றிப் படகு தள்ளுபவர்களிடம் கேட்டு, அதைத் தூர்வாரும் செலவையும் இதே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.