ஆணியடிக்கும் மலைக்காற்று

கேரள மலையூரான தேவிகுளத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும் என்பது அந்த மலையில் அடுப்பு மூட்டும் எல்லோருக்கும் தெரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதுதான் காரணம். அடுப்படியில் தெரியும் இந்தக் குறைவு பட்டறையிலும் உண்டு. அங்கே அதைக் கவனிக்காமல் விட்டால் விரல் போகலாம், கண் போகலாம்.

கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய டயர் கடைகள், மூணாறு விடுதிகளின் அறைகளுக்குப் பலகை பதிக்கும் ஆசாரிமார், சோபா தைக்கும் பட்டறைகள் என்று அழுத்தக் காற்றை நம்பிப் பிழைக்கும் தொழில்கள் பல. தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் கப்பலேறிய காலத்தில் பெட்டிக்கு ஆணியடித்தது சுத்தியல். 1950 வாக்கில் அமெரிக்காவில் வீடு கட்டுவோருக்காகக் காற்றால் ஆணியடிக்கும் கருவி சந்தைக்கு வந்தது. இன்று நம் ஊர்களில் அதைப் ‘பின் கன்’, ‘ஏர் கன்’, ‘ஸ்டேப்ளர்’ என்று வேலைக்கேற்பச் சொல்கிறோம். பத்து சுத்தியல் அடிகளின் வேலையை ஒரு நொடியில் முடிக்கும் கருவி அது. அந்த வேகத்தின் மறுபக்கத்தைத் தெரிந்துகொள்ள, முதலில் அதன் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும்.

கன்னுக்குள் என்ன நடக்கிறது?

கைப்பிடிக்குள் இருக்கும் அறையில், காற்றைச் சுருக்கும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று எப்போதும் நிறைந்து நிற்கிறது. அதே காற்று தலைப்பகுதி வால்வின் மேலும் அழுத்தி, அதை மூடியே வைத்திருக்கிறது. விசையை (டிரிகரை) இழுத்ததும் வால்வின் மேல் நின்ற காற்று வெளியேறுகிறது. வால்வு மேலே எழும்புகிறது. நிறைந்து நின்ற காற்று முழுவதும் சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த உருக்குத் தகடு ஆணியின் தலையில் மோதி அதை மரத்துக்குள் செலுத்துகிறது. விசையை விட்டதும், பிஸ்டனுக்குக் கீழே பக்கவாட்டு அறையில் பிடித்து வைக்கப்பட்ட காற்று அதைப் பழைய இடத்துக்குத் தூக்கிவிடுகிறது.

பஞ்சர் கடையில் ‘100 பவுண்டு’ என்று சொல்லும் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ எடை. பிஸ்டனின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் சுமார் 88 கிலோ எடையின் விசை விழுகிறது. அத்தனையும் ஒரு மெல்லிய ஆணியின் நுனியில் குவிகிறது. மரத்துக்கும் எலும்புக்கும் அந்த நுனி வித்தியாசம் பார்க்காது.

கம்ப்ரசரை அணைத்தாலும் தொட்டியிலும் ஹோஸிலும் கன்னின் கைப்பிடியிலும் காற்று அப்படியே நிற்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் சிக்கிய பின்னை எடுக்கக் கன்னின் மூக்குப் பகுதியைத் திறப்பவரின் கையில் ஆணி பாய்வது இதனால்தான். பின் போடுவதற்கும், சிக்கலை எடுப்பதற்கும், அடுத்தவர் கையில் கொடுப்பதற்கும் முன்னால் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை விட்டால் மற்ற எந்தப் பழக்கமும் முழுப் பலன் தராது.

மலையில் கம்ப்ரசர் படும் பாடு

‘மேலே வந்தால் கன் சரியாக அடிக்க மாட்டேன் என்கிறது’ என்று நினைக்கும் ஒருவர் முதலில் திருகுவது அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத்தான். ஆனால் அழுத்தமானி காட்டுவது, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்ற வித்தியாசத்தை. பிஸ்டனைத் தள்ளுவதும் அதே வித்தியாசம். ஆகவே மானியில் 100 பவுண்டு இருந்தால் தேவிகுளத்திலும் கொச்சியிலும் ஆணியின் மேல் விழும் விசை ஒன்றுதான்.

மாறுவது கம்ப்ரசரின் சுமை. கொச்சியில் 100 பவுண்டு எட்டக் காற்றை ஏறக்குறைய 8 மடங்கு சுருக்கினால் போதும். தேவிகுளத்தில் வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் 9.5 மடங்கு சுருக்க வேண்டும். பம்பின் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே வரும் காற்றும் குறைவு. கீழே 4 நிமிடத்தில் நிறையும் தொட்டி மேலே நிறைய 5 நிமிடமாவது ஆகும். அதற்குள் ஆசாரி அடித்துக்கொண்டே போனால் அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஆணியின் தலை பாதி வெளியே நிற்கிறது. இதற்கு மருந்து ரெகுலேட்டரில் இல்லை. அழுத்தத்தைக் கூட்டி வைத்தால், தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில் அடிக்கும் முதல் ஆணி மெல்லிய பலகையைத் துளைத்து மறுபக்கம் பாயும். ஹோஸிலும் கப்ளரிலும் காற்றுக் கசிவு இருந்தால் நிறுத்துங்கள், ஹோஸின் நீளத்தைக் குறையுங்கள், பம்புக்கு நேரம் கொடுங்கள். புதிதாக வாங்குபவர்கள் கீழ்நாட்டுக் கணக்கைவிடப் பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்கினால் நல்லது.

மோட்டாருக்கும் இதில் பங்குண்டு. மின்மோட்டார்களுக்கான பன்னாட்டுத் தரம் 1,000 மீட்டர் உயரம் வரைக்குமான நிலைமையைத்தான் பொது அளவாக வைத்திருக்கிறது. அதற்கு மேலே மெலிந்த காற்றில் மோட்டாரின் சூடு எளிதில் வெளியேறாது. பம்பும் கூடுதல் சூட்டில் ஓடுவதால் உள்ளே எண்ணெய் கருகி வால்வில் கரி படியும். எண்ணெய் அளவைத் தினமும் பார்ப்பதும், காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்வதும், நாள் முழுக்க நிறுத்தாமல் ஓட்டாதிருப்பதும் கம்ப்ரசரின் ஆயுளைக் கூட்டும்.

தொட்டிக்குள் சேரும் தண்ணீர்

தென்மேற்குப் பருவத்தில் மூணாற்றுப் பக்கம் மேகம் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். அந்த ஈரம் கம்ப்ரசருக்குள்ளும் போகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஈரம் முழுதும் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றை 9.5 மடங்கு சுருக்கி ஆறவிட்டால் 2 கிராம்கூட ஆவியாக நிற்க இடமிருக்காது. மிச்சம் 15 கிராம் தண்ணீராகத் தொட்டியின் அடியில் இறங்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று இழுக்கும் சிறு கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் 90 மில்லி. நான்கு மணி நேரம் ஓடினால் மூன்றரை நூறு மில்லிக்கும் மேல்.

இந்தத் தண்ணீர் உருக்குத் தொட்டியை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும். அடித்தகடு மெலிந்துகொண்டே வரும். 8 பார் அழுத்தத்தில் நிற்கும் 100 லிட்டர் தொட்டிக்குள் அடைபட்டிருக்கும் ஆற்றல் சுமார் ஒரு லட்சம் ஜூல். 100 கிலோ எடை 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலுக்கு அது சமம். மெலிந்த தகடு ஒருநாள் தாங்காமல் கிழிந்தால் அவ்வளவும் ஒரே நொடியில் வெளியேறும்.

வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கி, அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வடியும் தண்ணீரில் துருவின் செந்நிறம் கூடிக்கொண்டே வந்தால் தொட்டியைச் சோதனைக்குக் கொடுங்கள். ஓட்டை விழுந்த தொட்டிக்கு வெல்டிங் ஒட்டுப் போட்டு மீண்டும் ஓட்டவே கூடாது. சேஃப்டி வால்வின் வளையத்தை அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். காற்று சீறி வெளியே வந்தால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். வால்வு கசிகிறது என்று அந்த வாயை ஆணி வைத்து அடைப்பது பட்டறைக்குள் வெடிகுண்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

தேங்காய் எண்ணெய் உறையும் ஊரில்

தண்ணீர் தொட்டியோடு நிற்பதில்லை. ஹோஸ் வழியே கன்னுக்கும் வந்து, உள்ளே இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடுகிறது. ரப்பர் வளையங்கள் காய்ந்து தேய்கின்றன, வால்வு ஒட்டிக்கொள்கிறது. சில வேளை விசையை விட்ட பிறகும் கன் அடிக்கும். சில வேளை ஒரே இழுப்பில் இரண்டு பின் பாயும். வெறும் பழுது என்று தள்ளிவைத்த ஒன்று விபத்தாக மாறும் இடம் இதுதான். கம்ப்ரசருக்கும் ஹோஸுக்கும் இடையே தண்ணீரைப் பிரிக்கும் சிறு வடிகட்டி பொருத்தினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும்.

எண்ணெய் தேவைப்படும் கன்னாக இருந்தால், வேலை தொடங்கும் முன் காற்று நுழையும் வாயில் காற்றுக் கருவிகளுக்கென்றே விற்கும் எண்ணெயை இரண்டு மூன்று துளி விடுவது பொதுவான முறை. கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். தேவிகுளத்தில் ஆண்டின் பெரும்பகுதி அது பாட்டிலிலேயே உறைந்துதான் கிடக்கிறது. வால்வுக்குள்ளும் அதே கதிதான். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரைக் கெடுப்பதோடு, அழுத்தக் காற்றோடு சேர்ந்து உள்ளேயே தீப்பிடிக்கவும் கூடும். கம்ப்ரசர் பழுதான நாளில் வெல்டிங் பட்டறையின் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கன்னோடு இணைப்பது உயிரோடு விளையாடுவது. எண்ணெய்ப் பசையோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் கன் வெடிக்கும்.

மார்கழி, தை மாதங்களில் இன்னொரு தொல்லை. செண்டுவாரை போன்ற எஸ்டேட்டுகளில் உறைபனி விழும் காலை நேரங்களில் ரப்பர் வளையங்கள் விறைத்திருக்கும். வெளியேறும் காற்று விரிந்து குளிர்வதால் கன்னுக்குள் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகவும் மாறலாம். இரவு கன்னை அறைக்குள் வைத்திருந்து, காலையில் குறைந்த அழுத்தத்தில் பயனற்ற பலகையில் சில பின்களை அடித்துப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது.

விரல் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் ஆணி கன் காயங்களோடு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போனதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் மதிப்பிட்டது. பாதிக்கும் மேற்பட்ட காயங்கள் கையிலும் விரலிலும்தான். கருவியின் வகையும் இதில் முக்கியம். விசையை அழுத்திப் பிடித்தபடி மூக்கை மோதும் இடமெல்லாம் ஆணி அடிக்கும் கன்னில், முதலில் மூக்கைப் பலகையில் அழுத்தி அதன் பிறகு ஒவ்வொரு முறையும் விசையை இழுக்க வேண்டிய கன்னைவிடக் காயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று அங்கு நடந்த ஆய்வுகள் கண்டன. விலை குறைந்த சிறு பின் கன்களிலும் சோபா ஸ்டேப்ளர்களிலும் மூக்கில் பாதுகாப்பு முனையே இல்லாதவை உண்டு. அவற்றில் விசையைத் தொட்டாலே பின் பாயும். அப்படிப்பட்ட கன்னை வைத்திருப்பவர் நடக்கும்போது விசையிலிருந்து விரலை எடுத்தே வைத்திருக்க வேண்டும்.

பலகையைப் பிடிக்கும் கை, அடிக்கும் இடத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். மரக்கணுவில் மோதிய ஆணி வளைந்து எந்தப் பக்கமும் வெளியே வரலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கன்னைத் தொடக் கூடாது. சத்தமும் சாதாரணமில்லை, 109 முதல் 136 டெசிபல் வரை எட்டும். காதடைப்பான் இல்லாமல் பல ஆண்டுகள் இதைக் கேட்பவரின் காது மெல்ல மந்தமாகும். சட்டையில் படிந்த மரத்தூளை ஹோஸ் காற்றால் ஊதும் பழக்கமும் ஆபத்து. தோலில் சிறு கீறல் இருந்தால் அதன் வழியே காற்று உடலுக்குள் புகுந்துவிடக்கூடும்.

ஆணி பாய்ந்துவிட்டால் அதைப் பட்டறையிலேயே பிடுங்காதீர்கள். வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும் காயத்துக்குள் எலும்பு முறிந்திருக்கலாம், நரம்பு அறுபட்டிருக்கலாம், பின்களை ஒட்டிவைத்திருக்கும் பசை உள்ளே போயிருக்கலாம். அசையாமல் கட்டி, உடனே மருத்துவமனைக்குப் போய் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித்தான் பெரிய மருத்துவமனைகளை அடைய முடியும் என்றிருக்கும் ஊரில் வலி வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

நட்டு முடுக்கும் கன்

டயர் கடையின் கன், சுழன்று மோதி நட்டை முடுக்கும் கருவி. மலைச்சாலையான கேப் ரோட்டில் இறங்கும் லாரியின் சக்கரம் அந்த நட்டுகளை நம்பித்தான் உருள்கிறது. இங்கே இருபக்கமும் ஆபத்து உண்டு. காற்று குறைந்த நேரத்தில் முடுக்கினால் நட்டு தளர்ந்திருக்கும். அளவுக்கு மீறினால் போல்ட் நீண்டு பின்னால் முறியும். கன்னால் ஓரளவு முடுக்கி, கடைசி முடுக்கை டார்க் ஸ்பேனரால் வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்குச் செய்வதே சரியான முறை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கையால் திருகப் பயன்படும் பளபளப்பான சாக்கெட்டைக் கன்னில் மாட்டினால் அது விரிந்து சிதறக்கூடும். தடித்த கறுப்புச் சாக்கெட்டுதான் மோதலைத் தாங்கும்.

சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 31-ஆம் பிரிவில் அழுத்தக் கலன்களைப் பற்றியும் 35-ஆம் பிரிவில் கண் பாதுகாப்பைப் பற்றியும் சொன்னது. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை பொதுவாக அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலையாகவே வந்ததில்லை. ஆகவே ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று காத்திருப்பதில் பொருளில்லை. கன்னோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. கன்னைப் பிடிப்பவரோ தமிழோ மலையாளமோ இந்தியோ பேசுபவர்.

வியாபாரிகள் சங்கமோ, ஐ.டி.ஐ. ஆசிரியர்களோ, கேரள அரசின் தொழிற்சாலைகள் - கொதிகலன் துறையோ ஒரே ஒரு தாளைப் படத்தோடு இந்த மூன்று மொழிகளிலும் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். காலையில் எண்ணெய் பார், கசிவு பார், அழுத்தம் கருவியில் எழுதிய அளவுக்குள் இருக்கிறதா பார். வேலையில் கண்ணாடி போடு, கையைத் தள்ளி வை. மூக்கைத் திறக்குமுன் ஹோஸைக் கழற்று. மாலையில் அழுத்தத்தை இறக்கித் தண்ணீரை வடி. இவ்வளவையும் செய்யக் கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தாள் வரும்வரை ஒவ்வொரு முதலாளியும் இதைத் தன் கையாலேயே எழுதிக் கம்ப்ரசருக்கு மேலே ஒட்டலாம். புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் கன்னைக் கொடுப்பதற்கு முன்பு அதைப் படித்துக் காட்டலாம்.