ஐம்பதும் எண்பதும் ஒரே கோப்பில்

தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லிவிடலாம், தம்பி. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது. அதன் சுற்றுவட்டாரத்தில், சுங்கைப்பட்டாணி, லுனாஸ், பாடாங் செராய் பக்கத்துச் சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாலும் இப்போது முதலில் கேட்பது, "சாலிட்வொர்க்ஸ் தெரியுமா?" என்றுதான், அந்த வரைபட மென்பொருளைத்தான். கோடு போடத் தெரிவது பெரிதல்ல. ஒரே பொருள் ஐந்து அளவில் வந்தால் என்ன செய்வாய் என்பதில்தான் ஆள் யாரென்று தெரியும்.

குழாய் பிளாஞ்சை எடுத்துக்கொள். ஐரோப்பிய பிஎன்16 அழுத்த வகையில் 50 என்ற குழாய் அளவுக்கு வெளிவிட்டம் 165 மில்லிமீட்டர், போல்ட் வட்டம் 125, ஓட்டை 4. அடுத்து 80: வெளிவிட்டம் 200, வட்டம் 160, ஓட்டை 8. இரண்டிலும் ஓட்டையின் விட்டம் 18. 150க்குப் போனால் 22. பலரும் 50ஐ வரைந்து, அதை நகலெடுத்து, எண்ணை மாற்றி, 'புதுசு' என்று பெயர் வைப்பார்கள். பிறகு 'புதுசு-2', 'கடைசி', 'நிஜக் கடைசி'. தடிமன் மாறும் நாளில் அத்தனை கோப்பையும் திறக்க வேண்டும். ஒன்று விட்டுப்போகாமல் இருக்காது.

முப்பரிமாண மாதிரி ஒன்றே போதும், அளவுகளை அட்டவணையில் வை. ஒரு வரிக்கு ஒரு அளவு. பத்தியில் வெளிவிட்டம், போல்ட் வட்டம், ஓட்டை எண்ணிக்கை, ஓட்டை விட்டம். சாலிட்வொர்க்ஸில் இது எக்செல் தாளாகவே இருக்கும். இன்வென்டரில் இதற்குப் பெயர் ஐபார்ட். காசு கொடுக்க முடியாதவனுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது. அதிலும் இந்த வசதி உண்டு. ஒன்று மட்டும்: மென்பொருள் தானாக வைக்கும் டி1, டி2 என்ற பெயர்களை முதல் வேலையாக மாற்றிவிடு. ஆறு மாதம் கழித்து டி7 எது என்று உனக்கே தெரியாது.

பெரும்பாலும் கோளாறு வருவது டிராயிங்கில். வரைபடத்தின் ஒவ்வொரு காட்சியும் எந்த அளவைக் காட்டுகிறது என்று தனித்தனியாகப் பார். 50இன் தாளை நகலெடுத்து 80க்கு மாற்றினால் படமும் விட்டமும் தாமாக மாறும். ஆனால் ஓரத்தில் நீ கையால் தட்டிய '4 ஓட்டை, 18' அப்படியே நிற்கும். ட்ரில் போடுகிறவர் படத்தை எண்ண மாட்டார், எழுத்தைத்தான் படிப்பார். ஓட்டைக் குறிப்பை அதற்கென்று உள்ள கருவியால் போடு. மாதிரியைப் பார்த்து அதுவே எண்ணும்.

தொடர்பு இருப்பதில் ஆபத்தும் உண்டு. இன்று மாதிரியில் கை வைத்தால், போன வருடம் கையெழுத்தாகிப் போன வரைபடமும் அடுத்த முறை திறக்கும்போது மாறி நிற்கும். அதனால் அனுப்பியதை பிடிஎஃப் ஆக்கி, திருத்த எழுத்துப் போட்டுத் தனியே பூட்டி வை. வரைபடக் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போகாதே. மாதிரி எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் அதில் இருக்கும், மாதிரி இருக்காது. சாலிட்வொர்க்ஸில் 'பேக் அண்ட் கோ' கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும்.