சேட்டையா, கோளாறா? வீடும் பள்ளியும் சேர்ந்து சொல்லும் விடை

“ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?” என்று பெற்றோர் பலர் எம்மிடம் கேட்பதுண்டு. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாற்றை உறுதிசெய்யும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இல்லை. குழந்தையை நாள்தோறும் காண்போர் தரும் விவரங்களே முதன்மையான சான்று.

பாடத்தைப் பாதியில் விடுதல், பொருள்களை அடிக்கடித் தொலைத்தல், ஓரிடத்தில் அமர இயலாமை, முறை வரும்வரை பொறுக்காமை ஆகியன இதன் அறிகுறிகள். இவை 12 வயதுக்கு முன்பே தோன்றி, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்பட்டு, அன்றாட வாழ்வைப் பாதித்தால் மட்டுமே இக்கோளாறு என மருத்துவர் முடிவுசெய்வார். ஓடியாடாமல், கனவில் ஆழ்ந்தவர்போல் அமைதியாக இருக்கும் குழந்தைகளுக்கும் இது இருக்கலாம். குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம் இது கவனிக்கப்படாமல் போகிறது.

வேப்பம்பட்டிலிருந்து காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு முறையில் செல்லும் பெற்றோர், விழித்திருக்கும் குழந்தையைக் காண்பதே சில மணி நேரந்தான். ஆகவே, உடனிருக்கும் பாட்டி, தாத்தாவையும் அழைத்து வாருங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதமும் பள்ளிக் குறிப்பேடுகளும் பெற்று வாருங்கள். பார்வை, செவித்திறன், உறக்கம், கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் நாங்கள் ஆராய்வோம். இவற்றின் குறைகளும் கவனமின்மையாகத் தோன்றக்கூடும்.

இக்கோளாறு வளர்ப்பின் பிழையன்று. மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அடியாலும் வசவாலும் இது மாறாது. குழந்தையின் தன்னம்பிக்கையே குலையும்.

6 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, சிறுசிறு பகுதிகளாகப் பாடம், நல்ல செயலுக்கு உடனடிப் பாராட்டு, வகுப்பில் முன்வரிசை இருக்கை ஆகியன பயன்தரும். அதற்கு மேற்பட்ட வயதினருக்குத் தேவையெனில் மெத்தில்பெனிடேட், அடமாக்செடின் போன்ற மருந்துகள் தரப்படும். இவை தூக்க மாத்திரைகள் அல்ல. பசி குறையலாம், உறக்கம் கெடலாம். எனவே எடை, உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணிப்போம். மருத்துவரைக் கேளாமல் மருந்தின் அளவை மாற்ற வேண்டா.

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் அரசுத் திட்டத்தில் இக்கோளாறும் இடம்பெற்றுள்ளது. அரசுப் பள்ளிகளுக்கு வரும் அதன் மருத்துவக் குழுவிடமும் உங்கள் ஐயத்தைக் கூறலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

“வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்கும் ஆண்டுகளில் குழந்தை இழப்பது மதிப்பெண்ணை மட்டுமன்று. தன்மீது கொண்ட மதிப்பையும்தான். ஐயம் எழும்போதே வாருங்கள்.