கணினி உறுப்புகள் வாங்குமுன்

விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் ஒரே கணினி வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்கும் இல்லங்கள் நம்மிடையே பல. தில்லி நேரு பிளேஸிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டுவிக்கலாம். விளையாட்டுக்கு உயிர்நாடி கிராபிக்ஸ் அட்டை. செலவில் பெரும்பங்கு அதற்கே. தொகுப்புக்கோ நினைவகம் 32 ஜி.பி.யேனும் வேண்டும், இரண்டு 16 ஆக வாங்கினால் இரட்டைத் தடத்தில் வேகம் மிகும்.

இன்டெல் செயலியின் பெயரீற்றில் ‘எஃப்’ இருப்பின் விலை சற்றுக் குறையும். ஆனால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இராது. காணொளியை விரைந்து கையாளும் ‘குவிக் சிங்க்’ வசதியும் அதனோடு போம்.

மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் கூடாது. பெயரறியா மலிவுச் சரக்கு பழுதுற்றால், பல்லாண்டுச் சேமிப்பில் வாங்கிய அட்டையையும் உடன்கொண்டு போகக்கூடும். ஜி.எஸ்.டி. ரசீதில் ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணையும் எழுதுவித்து வாங்குக. மாற்றலாகி வேறூர் சென்றாலும் உத்தரவாதம் கோர அதுவே சான்று.