25 சென்டிமீட்டர்

வாடகைக்கு ஓர் ஊர் – 7

சுவிட்சர்லாந்தில் வாடகை வீட்டுக்குள் முதல் நாள் நுழைந்தால் கூரையிலிருந்து ஒயர்கள் மட்டும் தொங்கும். விளக்கு இருக்காது. முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அது அவருடைய விளக்கு. வின்டர்தூரில் எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுக்க சமையலறை வெளிச்சத்தில்தான் குடும்பம் நடந்தது.

இங்குள்ள கடையில் விளக்கின் விலையைப் பார்த்துவிட்டு மனைவி பேசாமல் வெளியே வந்துவிட்டார். அலுவலகத்தில் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் ஒரே சொல்லில் முடித்தார்: "கான்ஸ்டன்ஸ்."

ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜெர்மன் ஊர்தான். ஆனால் பழைய நகரம் ரைன் நதியின் சுவிஸ் பக்கத்துக் கரையில், க்ராய்ட்ஸ்லிங்கன் என்ற சுவிஸ் ஊரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நடுவில் இருந்த வேலியை எடுத்துவிட்டு, ஏரிக்கரையோரம் யோஹானஸ் டோர்ஃப்லிங்கர் செய்த 22 சிற்பங்களை 2007-இல் நிறுத்தினார்கள். 2020 கொரோனாவில் அதே இடத்தில் மறுபடி வேலி. அந்தப் பக்கம் காதலன், இந்தப் பக்கம் காதலி என்று கம்பிக்கு இருபுறமும் நின்று பேசிக்கொண்டார்கள்.

சுவிஸ்காரர்கள் கான்ஸ்டன்ஸ் போய் வாங்குவது பழைய வழக்கம். அதைப் படையெடுப்பாக்கியது 2015 ஜனவரி 15. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்திருந்த சுவிஸ் தேசிய வங்கி அன்று கையை எடுத்துவிட்டது. ஒரே நாளில் பிராங்க் எகிறியது. இப்போது ஒரு யூரோ ஒரு பிராங்குக்கும் குறைவு.

சனிக்கிழமை போனோம். நான், மனைவி, ஐந்து வயது மகள். முதல் கடையில் மூன்று விளக்குகள், வாளி, துடைப்பம், இரண்டு போர்வை உறைகள்: 95.20 யூரோ. கல்லாவில் இருந்த பெண் கேட்டது ஒரே கேள்வி, சீட்டு வேண்டுமா என்று. அந்தப் பச்சைச் சீட்டுக்காகத்தான் ஊரே அங்கே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர் பொருளை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினால், விலைக்குள் அடங்கியிருக்கும் 19 சதவீத வரி அவருக்குத் திரும்பக் கிடைக்கும். 19 என்றதும் நான் 18 யூரோ வரும் என்று மனக்கணக்குப் போட்டேன். தப்பு. வரி சேர்வதற்கு முந்தைய விலையில்தான் 19. அதாவது 119-இல் 19. எனக்கு 15.20.

2020 முதல் இன்னொரு நிபந்தனை. பில் 50 யூரோவைத் தாண்ட வேண்டும். இரண்டாவது கடையில் எங்கள் பில் 46-இல் நின்றது.

"என்னங்க, இன்னும் ஏதாவது எடுங்க" என்றார் மனைவி.

ஓடிப்போய் ஒரு வடிகட்டி எடுத்து வந்தேன், 7.55 யூரோ. திரும்பக் கிடைப்பது 8.55. ஒரு யூரோ லாபம், வடிகட்டி இலவசம் என்று ரயிலேறும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெர்மன் சுங்கத்தில் சீட்டுக்கு முத்திரை வாங்க வரிசை. 2008 டிசம்பரிலிருந்து சுவிட்சர்லாந்து ஷெங்கன் விசாப் பகுதியில் இருக்கிறது. எங்களை யாரும் விசா கேட்கவில்லை. ஆனால் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் அது இல்லை. அதனால் எங்கள் துடைப்பத்துக்கு எல்லை உண்டு. அதிகாரி பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் பார்த்தார், பையை எட்டிப் பார்த்தார், குத்தினார்.

பத்தடி தள்ளி சுவிஸ் சுங்கம். அவர்கள் கணக்கு வேறு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 பிராங்க் வரை வரியில்லை. 2024 வரை அது 300. குழந்தைக்கும் தனியாக 150 உண்டு என்பதால் மகளுக்கு அன்று வீட்டில் மரியாதை கூடியது. ஆனால் 200 பிராங்க் சோபா ஒன்றை இரண்டு பேர் கணக்கில் பிரித்துக் காட்ட முடியாது. ஒற்றைப் பொருளே வரம்பைத் தாண்டினால் வரி கட்டியே ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் உண்மையான எல்லை தெரிந்தது. ஒரு விளக்கின் பிளக் உருண்டையாக, தடியாக இருந்தது. சுவிஸ் சாக்கெட்டோ அறுகோணக் குழிக்குள் மூன்று சின்னத் துளைகள். உள்ளே போகவே இல்லை. அடாப்டர் வாங்கிச் சமாளிக்கலாம். போர்வை உறைக்கு அடாப்டர் கிடையாது. ஜெர்மன் போர்வைக்கு வழக்கமான அளவு 135-க்கு 200 சென்டிமீட்டர். சுவிஸ் போர்வை 160-க்கு 210. எங்களுடையது சுவிஸ் போர்வை. உறைக்குள் திணித்தபோது கொழுக்கட்டை மாதிரி உருண்டது. ஒரே மொழி பேசும் இரண்டு ஊர்கள், ஒரே ஏரி, ஒரே குளிர். படுக்கைக்கு மட்டும் தனித்தனி அளவு. சமையலறை அடுப்பும் அப்படித்தானாம்: அங்கே 60 சென்டிமீட்டர் அகலம், இங்கே பழைய வழக்கம் 55. நல்லவேளை, அடுப்பு வாங்கவில்லை.

இரண்டு உறைகளும் ஒரு வாரம் நாற்காலியில் கிடந்தன. பிறகு மனைவி பக்கத் தையலைப் பிரித்து, தன் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்த துண்டை வைத்துக் கையாலேயே தைத்தார். நீளத்தில் குறைந்த பத்து சென்டிமீட்டரைக் கண்டுகொள்ளவில்லை. காலை மடக்கிப் படுங்கள் என்றார்.

முத்திரை குத்திய இரண்டு சீட்டுகளும் பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருக்கின்றன. 23.75 யூரோ. கையில் வாங்க வேண்டுமென்றால் மறுபடி கான்ஸ்டன்ஸ் போக வேண்டும்.

"போறப்ப டேப் எடுத்துக்கோங்க" என்றார்.