புகை போகும் வழி

பால்மரத் தோட்டங்களில் ஷீட் உலர்த்திய புகை வீட்டை நேரில் பார்த்தவர்கள் இப்பக்கத்து வாசகர்களில் பலர் இருப்பீர்கள். கீழே விறகு எரியும். மேலே கழிகளில் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கும். நான்கைந்து நாள் புகைதான் அங்கே வேலை செய்யும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் கண்டுவிடும். எனவே, கீழ்த் துவாரத்தை எவ்வளவு திறப்பது, கூரைத் துவாரத்தை எப்போது மூடுவது என்பதெல்லாம் அங்கிருந்த பெரியவருக்குக் கைப்பழக்கம். கீழே காற்று நுழைந்தால்தான் மேலே புகை போகும் என்பதை அவர் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை.

அந்தப் பாடத்தைத்தான் இன்று பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கணினியில் படிக்கிறார்கள். பெரியவர் புகையை உள்ளே நிறுத்தி வைத்தார். இவர்கள் அதை வெளியேற்ற வழி தேடுகிறார்கள். கட்டடம் தீப்பிடித்தால் பலரை நெருப்பு தொடுவதற்கு முன்பே புகை மயக்கிக் கொன்றுவிடுகிறது. பேரங்காடிகளிலும் சுரங்கப் பாதைகளிலும் புகையை இழுக்கும் பெரிய விசிறிகளை வைப்பது இதற்காகத்தான். அவை எத்தனை வேண்டும், எங்கே வேண்டும் என்பதைக் கட்டடத்தைக் கொளுத்திப் பார்த்தா முடிவு செய்ய முடியும்?

இதற்கென அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2000ஆம் ஆண்டில் ஒரு மென்பொருளை வெளியிட்டது. ஃபயர் டைனமிக்ஸ் சிமுலேட்டர் என்பது அதன் பெயர், எஃப்.டி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. வேண்டியவர் இறக்கிக்கொள்ளலாம். புகை பரவுவதைப் படமாகக் காட்ட ஸ்மோக்வியூ என்ற துணை மென்பொருளும் உண்டு.

கணினி சொல்வதை நம்பலாமா என்று கேட்பீர்கள். 1987 நவம்பர் 18ஆம் தேதி லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில், மரத்தாலான நகரும் படிக்கட்டில் தீப்பற்றி 31 பேர் மாண்டார்கள். சிறு தீ நொடிப்பொழுதில் மேல் மண்டபம் வரை பாய்ந்தது எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. அந்தக் காலத்து மென்பொருள் ஒன்றில் கணக்கிட்டபோது, சுவாலை மேலே எழும்பாமல் படிக்கட்டின் பள்ளத்திலேயே படுத்து ஓடுவதாக விடை வந்தது. கணக்கில்தான் கோளாறு என்று சிலர் நினைத்தார்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து கொளுத்திப் பார்த்தார்கள். நெருப்பு அப்படியே படுத்து ஓடியது!

கற்கும் முறை கடினமன்று, பொறுமைதான் வேண்டும். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதைப் பத்து சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டினால் 36,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சூடு என்ன, காற்று எப்பக்கம் போகிறது, புகை எவ்வளவு என்று கணினி மீண்டும் மீண்டும் கணக்குப் போடும். கட்டத்தை ஐந்து சென்டிமீட்டராக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும். நேர அடியும் பாதியாகக் குறைவதால் வேலை ஏறத்தாழ 16 மடங்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்தது அடுத்த நாள் வரை ஓடும். கணக்குப் பாடத்தில் கன அளவு எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

ஆனால், எவ்வளவு பெரிய தீ என்பதைக் கணினி தானாக அறியாது. அதை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். குப்பைக் கூடை எரிந்தால் சுமார் 100 கிலோவாட். மெத்தை வைத்த சோபா எரிந்தால் 1000 கிலோவாட்டையும் தாண்டும். சோபா இருக்கும் கூடத்துக்குக் குப்பைக் கூடையின் அளவைக் கொடுத்துவிட்டு, புகை குறைவாக இருக்கிறது என்று மகிழ்ந்தால் அது யார் குற்றம்? வண்ணப் படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக விடை சரியாகிவிடாது. படத்தைப் பார்த்து மயங்குகிறவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

விசிறி விஷயத்திலும் அப்படித்தான். பெரிய விசிறி போட்டால் புகையெல்லாம் போய்விடும் என்று தோன்றும். கூரையடியில் புகைப்படலம் மெல்லியதாக இருந்தால், விசிறி அதைத் துளைத்துக்கொண்டு கீழேயுள்ள நல்ல காற்றையே இழுக்கும். புகை ஓரமாக நின்றுவிடும். கீழே வரும் காற்றும் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகமாக வந்து தீயில் பட்டால் சுவாலையைக் கலைத்து மேலும் புகையாக்கும். புகை வீட்டுப் பெரியவர் துவாரத்தை அளந்து அளந்து திறந்ததன் பொருள் இங்கே விளங்குகிறதல்லவா?

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் தீப் பாதுகாப்புக்கு விதி வகுத்துள்ளன. ஈப்போவில் 1969 முதல் இயங்கிவரும் உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலோ வேறெங்கிலோ இயந்திரவியலோ கட்டடவியலோ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இப்படி ஒரு துறை உண்டென்று சொல்லி வையுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு அது காதிலேயே விழுவதில்லை.

முதல் பயிற்சிக்குப் பேரங்காடி வேண்டாம். குனோங் ராபாட்டில் நம்மவர் வசிக்கும் வரிசை வீடு ஒன்று போதும். முன்னே கூடம், நடுவே படுக்கையறை, பின்னே அடுப்படி, சன்னலெல்லாம் இரும்புக் கம்பி. 2017 செப்டம்பர் 14ஆம் தேதி கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் மாண்டபோது, வெளியேற விடாமல் தடுத்தது சன்னல் கம்பிதான். கூடத்தில் சோபா எரிவதாக எழுதி, படுக்கையறைக் கதவைத் திறந்து ஒரு முறையும் மூடி ஒரு முறையும் ஓடவிடச் சொல்லுங்கள். கட்டில் உயரத்துக்குப் புகை இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்களுக்குக் காட்டட்டும்.